உயிர்ப்பாறையை வீட்டில் பக்குவப்படுத்தும் முறை

கடல்மீன் தொட்டியில் வைப்பதற்கான, கடலுயிர்கள் குடியிருக்கும் துளைக் கல்லே உயிர்ப்பாறை. அது வந்திறங்கிய பெட்டியைத் திறக்கும்போது கடற்கரை வாசம் மட்டும் வந்தால் உங்களுக்கு நல்ல கல் கிடைத்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அழுகிய முட்டையின் நாற்றம்தான் முகத்தில் அடிக்கும். ஈரச் செய்தித்தாளில் சுற்றிய கல் பல நாட்கள் நீருக்கு வெளியே பயணம் செய்திருப்பதால், அதன் துளைகளில் குடியிருந்த கடற்பஞ்சுகள், புழுக்கள், சிறு நத்தைகள், பாசிகள் ஆகியவற்றில் ஒரு பகுதி வழியிலேயே செத்துப்போயிருக்கும். செத்தவை அழுகும்போது அம்மோனியா வெளியாகிறது. அந்தக் கல்லை அப்படியே மீன்கள் உள்ள தொட்டியில் வைத்தால், சில நாட்களில் மீன்களும் அந்த அழுகலோடு சேர்ந்துவிடும். ஆகவே அழுக வேண்டியது வேறொரு பாத்திரத்தில், நம் கண்காணிப்பில் அழுகித் தீர வேண்டும். அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியாக்கள் அதே காலத்தில் கல்லின் துளைகளில் பெருக வேண்டும். இந்த இரண்டும் முடியும்வரை காத்திருப்பதையே பக்குவப்படுத்துதல் என்கிறோம்.

கல் என்று சொன்னாலும் இது உண்மையில் பவளப் பூச்சிகள் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கூடுதான். அதன் மேற்பரப்பில் உயிர்வளி நிறைந்த இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உயிர்வளி எட்டாத ஆழ்ந்த துளைகளில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1960களின் தொடக்கத்திலேயே, வடிகட்டிகளின் துணையின்றி, உயிருள்ள கல்லையும் காற்றுக்குமிழிகளையும் கொண்டே பவளங்களை வளர்த்துக் காட்டினார். கல்லே தொட்டியின் வடிகட்டி என்பதை மனத்தில் கொண்டால், அதற்காக ஆறு வாரங்கள் செலவிடுவது வீணாகத் தோன்றாது.

கல்லைப் பெறும் இடம்

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கடல் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும்போது கல்லுக்குப் பணம் ஏன் கொடுக்க வேண்டும் என்று உறவினர் பலர் கேட்டிருக்கிறார்கள். நம் கரையோரப் பாறைகளில் பெரும்பாலானவை மணல் இறுகி உண்டான கல். தொட்டிக்கு வேண்டிய துளைகள் நிறைந்த பவளச் சுண்ணாம்பு அன்று. வடக்கே சோட்வானா விரிகுடாவில் பவளங்கள் உண்டு. ஆனால் அங்கும் அவை பழைய மணற்குன்றுகள் கல்லாகி உருவான திட்டுகளின் மேல் மெல்லிய போர்வையாகவே படர்ந்திருக்கின்றன. அந்தப் பகுதி 1999 முதல் உலக மரபுச் சின்னமாக இருக்கும் இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு கைப்பிடிக் கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. கல்பவளங்களின் பன்னாட்டு வணிகமும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், கடைக்காரரிடம் கல் எந்த நாட்டிலிருந்து, எந்த உரிமத்தில் வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குப் பழைய கணக்கு, தொட்டியின் ஒவ்வொரு லிட்டருக்கும் 120 முதல் 180 கிராம் என்பதாகும். அதன்படி 200 லிட்டர் தொட்டிக்கு 24 முதல் 36 கிலோ வரை வரும். கையில் எடுத்தால் பருமனுக்கு ஏற்ற கனமில்லாத, துளைகள் நிறைந்த கல்லாக இருந்தால் 15 கிலோவே போதும் என்பது என் அனுபவம். கனமான, இறுகிய கல்லைக் குவித்தால் நீர் ஓடுவதற்கு இடமின்றி அடியில் கசடு தங்கும்.

பாத்திரமும் நீரும்

உணவு வைக்கத் தகுந்த பிளாஸ்டிக்கால் ஆன, மூடியுள்ள, 100 லிட்டர் அளவுள்ள புதிய தொட்டி ஒன்று வேண்டும். ஊறுகாய் வந்த பெரிய வாளிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எண்ணெயும் மிளகாயும் பிளாஸ்டிக்கில் ஊறியிருப்பதால் அவை இதற்கு ஆகா. உலோகப் பாத்திரம் எதுவும் வேண்டாம். தண்ணீர் மொள்வதற்குப் பூசையறைச் செம்பைக் கூட எடுக்காதீர்கள்; மிகச் சிறிய அளவுச் செம்பும் இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொல்லும்; கல்லில் படிந்துவிட்டால் அதை முழுவதும் அகற்றுவது மிகக் கடினம்.

நீரைக் கடலிலிருந்து மொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆற்று முகங்களும் துறைமுகமும் நகரின் வடிகால்களும் கலக்கும் கரை இது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்ததால் இங்குள்ள கடற்கரைகள் பல நீண்ட நாட்கள் மூடப்பட்டிருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கடல்நீர்க் கலவை உப்பை, எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டிய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் என்ற அளவில் கரைத்தால், ஒப்படர்த்தி, அதாவது நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.025க்கு அருகில் வரும். குழாய்த் தண்ணீரைத்தான் பயன்படுத்த முடியும் என்றால், அதிலுள்ள குளோரினையும் குளோரமீனையும் முறிக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே உப்பைப் போடுங்கள். உப்பு கரைந்து, 24 மணி நேரம் கலக்கப்பட்டு, தெளிந்த பிறகுதான் கல் இறங்க வேண்டும். கல் இருக்கும் நீரில் உப்பை நேரடியாகக் கொட்டினால், கரையாத உப்பு படும் இடமெல்லாம் வெந்துபோகும்.

உப்புக்கு ஆகும் செலவை முன்னதாகவே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 100 லிட்டருக்கு முதல் நாளில் 3.6 கிலோ வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் வாரம் இருமுறையும், அடுத்த நான்கு வாரங்களில் வாரம் ஒருமுறையும் பாதி நீரை மாற்றினால், மொத்தம் 18 கிலோ உப்பு தீரும். பாதி வழியில் உப்பு தீர்ந்து, மாத முடிவுவரை நீர் மாற்றாமல் விட்ட நண்பர் ஒருவரின் கல் முற்றிலும் கறுத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

நீரைச் சுழற்றும் பவர்ஹெட் ஒன்று, வெப்பமூட்டி ஒன்று, காற்றுக்கல்லோடு ஒரு காற்றுப் பம்பு ஆகியவை கட்டாயம். புரோட்டீன் ஸ்கிம்மர் இருந்தால் மிக நல்லது. அழுகலிலிருந்து வரும் பிசுபிசுப்பை அது அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே நுரையாக எடுத்துவிடும். வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி வரை இருக்கட்டும். டர்பன் கோடையில் வெப்பமூட்டி பெரும்பாலும் உறங்கும். ஆனால் ஜூலை இரவுகளில் கராஜ் 12 டிகிரிவரை குளிர்வதால் அப்போது அது இல்லாமல் முடியாது. மின்கம்பி ஒவ்வொன்றும் செருகும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி இருக்க வேண்டும். அப்போது கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்சைச் சோதனைப் பொத்தானால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக்குள் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முழுவதும் மீனும் இறைச்சியும் சமையலறைக்குள் வராது. அந்த மாதத்தில் அழுகும் கல்லைக் கூடத்தில் வைப்பது வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பதால், நான் தைப்பூசக் காவடி முடிந்த பிறகே புதுக் கல் வாங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கராஜோ, காற்றோட்டமுள்ள பின்புற அறையோ போதும்.

தேய்த்துக் கழுவுதல்

கல்லைத் தொடும் முன் தடித்த ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். இது வெறும் சம்பிரதாயம் அன்று. கடல்நீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் விரலில் உள்ள சிறு கீறல் வழியாகப் புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும். முள்புழுவின் மயிர்கள் தோலில் ஏறினால் நாள் முழுவதும் எரியும். எல்லாவற்றையும்விடக் கொடியது பாலிதோவா என்னும் பொத்தான் வடிவப் பவள உயிரி. அதிலுள்ள பாலிடாக்சின் என்ற நஞ்சை ஹவாய்த் தீவிலிருந்து எடுத்த ஓர் இனத்திலிருந்து 1971இல் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் அறியப்பட்ட கொடிய நஞ்சுகளுள் அதுவும் ஒன்று. கல்லைச் சுத்தம் செய்வதற்காகக் கொதிநீரில் போட்டு, அந்த ஆவியை மூச்சில் வாங்கிய குடும்பங்கள் முழுமையாக மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் வெவ்வேறு நாடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே கல்லை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள், அடுப்பில் சுடாதீர்கள், அழுத்தமான நீர்ப்பீச்சால் அடிக்காதீர்கள். தோல் போன்ற பழுப்பு நிறப் பொத்தான்கள் ஒட்டிய கல் உங்களிடம் வந்தால், அதைத் தேய்க்காமல் தனியே வைத்துக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

மற்றக் கற்களை ஒரு வாளிக் கடல்நீரில் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே தேய்க்க வேண்டும். குழாயடியில் பிடித்துக் கழுவினால் நன்னீர் பட்டு, உயிரோடு இருப்பவையும் செத்துவிடும். என் கையில் வந்த ஒரு கல்லின் மேற்புறம் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசியால் அழகாக மூடியிருந்தது. திருப்பிப் பார்த்தபோது, அடிப்புறக் குழியொன்றில் ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு ஒன்று ஓரங்களில் சாம்பல் நிறமாகி, கஞ்சி போலத் தளர்ந்திருந்தது. பழைய பல்துலக்கும் தூரிகையை நுழைத்ததும், வெண்ணிறப் பொடி புகை போல நீரில் பரவியது. கையுறையை மூக்கருகே கொண்டுவந்தபோது சாக்கடை நாற்றம் வந்தது. இப்படித் தளர்ந்தவை, வெண்படலம் படர்ந்தவை, தொட்டால் உதிர்பவை ஆகிய எல்லாவற்றையும் அகற்றுங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் சுண்ணாம்புப் பாசியையும் நிறம் மங்காத கடற்பஞ்சையும் விட்டுவிடுங்கள். ஒரு குச்சியைக் கொண்டு ஒவ்வொரு குழியிலும் கிளறிப் பார்த்து, கல்லை வெளியே எடுத்து, மீண்டும் முகர்ந்து பாருங்கள். மூக்கு தவறு செய்வது அரிது.

வேண்டாத விருந்தாளிகளையும் இப்போதே கவனிக்கலாம். ஒப்படர்த்தி 1.035 அளவுள்ள உப்பு மிகுந்த நீரில் கல்லை ஒரு நிமிடம் அமிழ்த்தினால், மாண்டிஸ் இறாலும் நண்டும் தாமே வெளியேறும். ஐப்டேசியா என்னும் கண்ணாடி போன்ற சிறு கடற்பூவைக் கண்டால் சுரண்டாதீர்கள். கிழிந்த ஒவ்வொரு துண்டும் புதிதாக முளைக்கும். தூய கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து, அதாவது நம் வெற்றிலைச் சுண்ணாம்பின் அதே வேதிப்பொருளை, ஊசியால் அதன் வாயில் வைத்தால் போதும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம் என்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

அழுகும் வாரங்கள்

கற்களை ஒன்றின் மேல் ஒன்று அடைக்காமல், இடைவெளி விட்டு அடுக்கி, பவர்ஹெட்டின் நீரோட்டம் எல்லாப் பக்கமும் படும்படி வையுங்கள். மூடியைச் சற்றுத் திறந்தபடி வைத்து, வெளிச்சம் படாமல் பாருங்கள். அழுகல் தீராத நிலையில் வெளிச்சம் பட்டால், பச்சைப் பாசிதான் முதலில் முளைக்கும். கல் புதிதாக, நாற்றமில்லாமல் வந்திருந்தால் மட்டும் சுண்ணாம்புப் பாசிக்காக நாளுக்குச் சில மணி நேரம் மங்கிய ஒளி தரலாம்.

முதல் வாரத்தில் நீர் மங்கும், நாற்றம் கூடும், அம்மோனியா ஏறும். இவையெல்லாம் நடக்க வேண்டியவை. அம்மோனியா லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினால் பாதி நீரை மாற்றுங்கள். அதைத் தாண்டி ஏறவிட்டால் பாக்டீரியாவுக்குத் தீங்கில்லை என்றாலும், நாம் காப்பாற்ற விரும்பும் புழுக்களும் கடற்பஞ்சுகளும் செத்து, புது அழுகலாக மாறும். நீர் மாற்றும்போது அடியில் படிந்த பழுப்புக் கசடைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கல்லையும் எடுக்கப்போகும் நீரிலேயே உலுக்கி, குழிகளில் தங்கியவற்றை வெளியேற்ற வேண்டும். புதிய நீரின் வெப்பமும் ஒப்படர்த்தியும் பழையதற்கு இணையாக இருக்கட்டும். இடையில் ஆவியாகிக் குறையும் நீருக்கு உப்பில்லாத வடிநீரையே ஊற்றுங்கள், ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அப்படியே தங்கிவிடும்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அம்மோனியா இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். நைட்ரைட் மிகுந்திருக்கும்போது நைட்ரேட் சோதனை பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும் என்பதால், அந்த நாட்களில் நைட்ரேட்டை அளந்து கவலைப்பட வேண்டாம். இந்தப் பாக்டீரியாக்கள் இரட்டிப்பாகவே பல மணி நேரம் முதல் ஒரு நாள்வரை எடுத்துக்கொள்கின்றன. சாதாரணப் பாக்டீரியாக்களைப் போல நிமிடக்கணக்கில் பெருகுவதில்லை. வாரங்கள் ஆவதன் காரணம் இதுவே. அம்மோனியாவை மாற்றும் வேலை அமிலத்தையும் உண்டாக்குகிறது, பி.எச். 7.8க்குக் கீழே இறங்கினால் அடுத்த நீர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

மின்வெட்டு

2023இல் நாளுக்குப் பலமுறை மின்சாரம் நின்ற காலத்தில், என் இரண்டாவது தொகுதிக் கற்கள் ஒன்பதாம் நாளில் இருந்தன. இரவு பத்து மணிக்கு நின்ற மின்சாரம் இரண்டரை மணி நேரத்தில் திரும்ப வேண்டியது, விடியும்வரை வரவில்லை. காலையில் மூடியைத் திறந்தபோது நீர் பால் போல வெளுத்திருந்தது. அழுகும் பொருள் நிறைந்த நீரில் பாக்டீரியாக்கள் உயிர்வளியை விரைவாக உறிஞ்சிவிடும். சுழற்சி நின்றால் மேற்பரப்பிலிருந்து புதிய உயிர்வளி கீழே இறங்காது. சில மணி நேரத்தில் கல்லில் உயிரோடிருந்த அனைத்தும் மூச்சுத் திணறி இறந்தன. என் கணக்கு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கியது. அன்றிலிருந்து, மின்சாரம் நின்றதும் தானே இயங்கும் மின்கலக் காற்றுப் பம்பு ஒன்றைத் தொட்டியிலேயே நிலையாகப் பொருத்தி வைத்திருக்கிறேன். வெப்பமூட்டி சில மணி நேரம் நின்றாலும் பாதகமில்லை. காற்று நிற்கக் கூடாது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் பவர்ஹெட்டை மட்டும் அதில் இணைத்தால், அது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவாகவே இருக்கும்.

காய்ந்த கல்லை வாங்கினால்

காய்ந்த சுண்ணாம்புக் கல்லில் வேண்டாத விருந்தாளிகள் இல்லை, விலையும் குறைவு. ஆனால் அதன் துளைகளில் காய்ந்து ஒட்டிய உயிரெச்சங்களும் பாஸ்பேட்டும் இருக்கும். இங்கே எல்லோரும் ஜிக் என்று சொல்லும் வெளுப்பானில், வாசனை சேர்க்காததை நீரில் கலந்து, சில நாட்கள் கல்லை ஊறவைத்தால் எச்சங்கள் கரையும். பிறகு பலமுறை அலசி, குளோரின் முறிப்பான் கலந்த நீரில் ஊறவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். நீச்சல்குள அமிலத்தையும் ஜிக்கையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். உண்டாகும் குளோரின் வாயு நுரையீரலைக் கருக்கும். அலசிய கல்லில் பாக்டீரியா எதுவும் இல்லாததால், ஒரு சிறு துண்டு பக்குவப்பட்ட கல்லையோ, புட்டியில் வரும் பாக்டீரியாவையோ சேர்த்து, அம்மோனியாவை லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் என்ற அளவில் ஊட்டி வளர்க்க வேண்டும்.

முடிந்ததை அறிவது

நாட்காட்டியை நம்ப வேண்டாம். சில கற்கள் இரண்டு வாரங்களிலும், சில எட்டு வாரங்களிலும் பக்குவமாகும். என் முதல் முயற்சியில் நான்காம் வாரத்தில் அம்மோனியா பூச்சியம் காட்டியதும் மகிழ்ச்சியில் கல்லைத் தொட்டிக்கு மாற்றினேன். நான் அளந்தது நீர் மாற்றிய அடுத்த மணி நேரத்தில். கண்ட பூச்சியம் புதிய நீருடையது, கல்லுடையது அன்று. அந்த வாரத்தில் இரண்டு கோமாளி மீன்களை இழந்தேன். ஆகவே கடைசி நீர் மாற்றத்துக்குப் பிறகு ஒரு வாரம் நீரைத் தொடாமல் விட்டு, மூன்று நாட்கள் அடுத்தடுத்து அளந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருப்பதை உறுதிசெய்யுங்கள். கடல்நீரில் நைட்ரைட் மீன்களை அவ்வளவாகத் தாக்காது என்பது உண்மையே. ஆனால் அது இருக்கிறது என்றால் பாக்டீரியாக்களின் வேலை இன்னும் பாதியிலேயே இருக்கிறது. பிறகு அம்மோனியாவை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்குச் சேர்த்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் அது மறைந்தால் கல் வேலைக்குத் தயார். கல்லை நீரிலிருந்து தூக்கி முகர்ந்தால், மழை நின்ற பின் வரும் மண்வாசனையோ கடற்காற்றின் வாசனையோ மட்டும் இருக்க வேண்டும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால், துளைகளிலிருந்து வெண்ணிற நூற்புழுக்கள் தலைநீட்டும். அவை கல் உயிரோடு இருப்பதன் அடையாளம், அஞ்ச வேண்டாம்.

தொட்டிக்கு மாற்றும்போது மணலைப் போடுவதற்கு முன்பே கல்லைக் கண்ணாடித் தரையில் நேரடியாக அமர்த்துங்கள். மணல் மேல் வைத்த கல்லை, தோண்டும் மீன்கள் சரித்துவிடும். பக்குவப்படுத்திய நீரைப் புதுத் தொட்டிக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதில் நிறைந்திருக்கும். தோட்டத்தில் ஊற்றினால் உப்பு கறிவேப்பிலையைக் கருக்கும். தெருவோர மழைநீர் வடிகாலில் விட்டால், அதிலுள்ள அயல் உயிரிகள் நேரே கடலுக்குச் சேரும். கழிப்பறை வழியாகக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றிவிட்டு, பாத்திரத்தை நன்னீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். இனி வாரந்தோறும் உப்பு கரைப்பதற்கு அதுவே உதவும்.